பன்னிரண்டாம் பெயர்

ஆகஸ்டு மாதம், இரண்டாம் சனிக்கிழமை. இடம்: இரத்தக் கொடையாளர் தேடல் சேவையின் அலுவலகம், மல்லேஸ்வரம்.

காலை 8.30: பழைய கணினி க்ளஸ்டரிலிருந்து புதிய க்ளஸ்டருக்குக் கொடையாளர் பதிவுகளை நகலெடுக்கும் பணி முடிவுற்றது.

காலை 9.10: இரு பக்கத்து எண்ணிக்கைகளும் ஒப்பிடப்பட்டன. புதியதில் இருநூற்றுப் பதினான்கு பதிவுகள் கூடுதலாக இருந்தன. மே மாதத்தில் பழைய க்ளஸ்டரின் வட்டு ஒன்று பழுதானபோது அங்கே தொலைந்துபோனவை இவை என்று குறிப்பு எழுதப்பட்டது.

காலை 10.05: பெயர்ச் சோதனை தொடங்கியது.

காலை 10.38: பதினொரு பெயர்கள் கிடைத்தன. பதினொன்றுக்கும் உரியவர்கள் உறுதி கூறினர்.

காலை 10.41: பன்னிரண்டாம் பெயரும் புதிய க்ளஸ்டரில் கிடைத்தது. உறுதி கூற வேண்டியவர் பணி ஓய்வு பெற்றவர் என்பதால் அவருக்குத் தொலைபேசி செய்யப்பட்டது.

காலை 10.47: அவர் உறுதி கூற மறுத்தார்.

காலை 10.48: நண்பகல் பன்னிரண்டுக்குத் திட்டமிடப்பட்டிருந்த மாற்றம் நிறுத்தப்பட்டது.

மறுத்தவன் நான். அந்தச் சேவையில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது அங்கே நகலெடுப்புப் பொறுப்பிலிருக்கும் பவித்ரா, புதிதாகச் சேர்பவர்களுக்கான குறிப்பேட்டில் சேர்ப்பதற்காக, இந்தப் பெயர்ச் சோதனை எப்படி வந்தது என்று எழுதித் தருமாறு கேட்டார். மேலே உள்ள பதிவு அவர் எழுதியது. அதில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இனி வருவது என் பங்கு.

சேவையைப் பற்றி இரண்டு வார்த்தை. நகரத்தின் சில இரத்த வங்கிகள் சேர்ந்து கொடையாளர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்ன பிரிவு இரத்தம் வேண்டும் என்று கேட்டால், எங்கள் தொலைபேசிப் பணியாளர் திரையில் தேடி, இப்போது கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களை அழைப்பார். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஓர் அடைவு இருக்கும் அல்லவா, அதைப் போன்ற ஒன்றுதான் தேடுபொறியின் இண்டெக்ஸ். அந்த இண்டெக்ஸைத் தாங்கி நிற்கும் கணினிகளின் கூட்டம் க்ளஸ்டர். கணினிகள் பழசாகும், மென்பொருள் மாறும். சில ஆண்டுகளுக்கொருமுறை எல்லாப் பதிவுகளையும் ஒரு க்ளஸ்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்தக் கொண்டுபோதல்தான்.

அதற்கு முன் நான் புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஐம்பதாவது வயதில் நிரல் எழுதக் கற்றேன். ஆறு மாதப் பயிற்சி. பெரும்பாலும் இருபத்து நான்கு வயதினர் நடுவே. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சேவையின் பொறுப்பாளர் யசோதரா. என்னைவிட எட்டு வயது இளையவர். பழைய கன்டோன்மென்ட் பகுதியில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம். தந்தை ஒரு பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். யசோதரா பகலில் இரத்த வங்கியில் தொலைபேசிப் பணியாளராக இருந்துகொண்டு, மாலைக் கல்லூரியில் பட்டயம் முடித்து, படிப்படியாக இந்த நாற்காலிக்கு வந்தவர். ஆனால் சோதனை நடக்கும்போது அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எவர்சில்வர் டம்ளரில் காபியை வைத்துக்கொண்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். வேலை நன்றாக நடந்தால் 'சரி' என்பார். மிக நன்றாக நடந்தாலும் அதே 'சரி'தான். முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"டாக்டரே, இங்க நெறைய டாக்டருங்க போன் பண்ணுவாங்க. நீங்க எந்த டாக்டருன்னு கேட்டா 'ஊசி போடாத டாக்டரு'ன்னு சொல்லிடுங்க. இல்லாட்டி பேஜார் ஆயிடும்."

நான் சேர்ந்து ஓராண்டுக்குப் பின் முதல் பெரிய நகலெடுப்பு வந்தது. முழுப் பொறுப்பும் என்னுடையது. பழைய இண்டெக்ஸ் கட்டுப்பாடற்றது. எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். புதியதை நான் ஒழுங்காக வடிவமைத்தேன். தேதிக்கான கட்டத்தில் தேதி மட்டுமே வரலாம். எண்ணுக்கான கட்டத்தில் எண் மட்டுமே வரலாம். நகலெடுக்கும் நிரலில் ஒரு கட்டளையும் சேர்த்தேன்: புதிய இண்டெக்ஸ் ஏதாவது பதிவை ஏற்க மறுத்தால், நிற்க வேண்டாம், அதைக் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. இந்தத் தொழிலில் அநேகமாக எல்லோரும் எழுதும் கட்டளை அது. லட்சக்கணக்கான பதிவுகளில் ஒன்றிரண்டுக்காக வேலை நின்றால் யாருக்கும் பிடிக்காது.

காலை பதினொரு மணிக்கு நகல் முடிந்தது. மூன்று லட்சத்துச் சொச்சம் பதிவுகளில் பதினொன்று மட்டும் குறைந்தன. எனக்கு நிறைவாக இருந்தது. அந்தப் பிழை எவ்வளவு சிறிய சதவீதம் என்பதைத் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இடம் வரை கணக்கிட்டு, நண்பகலில் புதிய க்ளஸ்டருக்கு மாறிவிடலாம் என்று யசோதராவிடம் சொன்னேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "யாரு அந்தப் பதினொண்ணு?" என்றார்.

"யாருன்னு இல்ல மேடம். இது தற்செயல் பிழை. எந்தப் பெரிய தொகுப்பிலும் இப்படி இருக்கும்."

"அது சரி டாக்டரே. பேரு?"

"பேரு பார்க்கணும்னா, நிரல் குறிச்சு வெச்ச லாக் முழுக்கப் படிக்கணும். ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும். ஓடற மெஷின் சும்னே ஓடிக்கிட்டு இருக்கட்டும். நீங்க படிங்க."

'சும்னே' என்பது எங்கள் ஊரில் கன்னடத்திலிருந்து தமிழுக்குள் நடந்துவந்த 'சும்மா'. அவர் அதைச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

படித்தேன். பதினொரு பதிவுகளும் ஒரே காரணத்துக்காக மறுக்கப்பட்டிருந்தன. 'கடைசியாக இரத்தம் கொடுத்த நாள்' என்ற கட்டத்தில் தேதி இல்லை, வாக்கியங்கள் இருந்தன. 'தம்பி மூலமாத்தான் கூப்பிடணும்.' 'துபாய்ல இருக்கார், கிறிஸ்மஸுக்கு வருவார்.' 'மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் கூப்பிடவும்.' 'அவங்க மாமியாருக்குத் தெரியக் கூடாது.' பழைய திரையில் குறிப்பு எழுதத் தனிக் கட்டம் கிடையாது. தொலைபேசிப் பணியாளர்கள் கண்ணில் உடனே படும் இடத்தில், தேதியை அழித்துவிட்டு, தங்களுக்குத் தேவையானதை எழுதிவைத்திருந்தார்கள். யாருக்கு அப்படி எழுதுவார்கள்? அடிக்கடி தேடப்படுபவர்களுக்கு. அடிக்கடி தேடப்படுபவர்கள் யார்? எளிதில் கிடைக்காத பிரிவினர்.

இரத்தப் பிரிவுகளில் அரிதான ஒன்று உண்டு. சாதாரணச் சோதனையில் ஓ பிரிவு போலத் தெரியும். ஆனால் அந்தப் பிரிவினருக்கு ஓ இரத்தத்தையும் ஏற்ற முடியாது. அதே பிரிவினர் கொடுத்தால்தான் உண்டு. எங்கள் பட்டியலில் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் என் பதினொருவருக்குள் இருந்தார்கள். ஐந்தாமவர் மூன்று வாரங்களுக்கு முன்புதான் கொடுத்திருந்தார். அவரை மறுபடி கேட்க முடியாது.

தற்செயல் என்று நான் பெயரிட்டது தற்செயலாக இல்லை. ஒரு மனிதர் அக்கறை எடுத்துத் தொட்ட பதிவுகளை மட்டும் என் ஒழுங்கான இண்டெக்ஸ் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளியிருந்தது. இதைப் புள்ளியியல் வகுப்பில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். விடுபட்டவை ஏன் விடுபட்டன என்று தெரியாமல் அவற்றைப் புறக்கணிக்காதே என்பது முதலாண்டுப் பாடம்.

அதே காலையில் ஓசூர் சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து அந்தப் பிரிவுக்குக் கோரிக்கை வந்திருந்தது. நிறைமாதக் கர்ப்பிணி, மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. பழைய இண்டெக்ஸ் இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால் பணியாளர் அந்த நான்கு கொடையாளர்களில் இருவரை அழைத்து முடித்திருந்தார். ஒருவர் துபாயில். இன்னொருவருக்குக் காய்ச்சல். மூன்றாவது பெயர் முனிராஜு, அத்திபெலே. நான் கேட்டபடி நண்பகலில் மாறியிருந்தால், அந்தப் பணியாளரின் திரையில் 'முடிவுகள்: 0' என்று வந்திருக்கும். அவர் மருத்துவமனையிடம் 'எங்ககிட்ட யாரும் இல்ல' என்று மரியாதையாகச் சொல்லியிருப்பார்.

முனிராஜுவின் தேதிக் கட்டத்தில் எழுதியிருந்தது: 'இவர் போனை எடுக்க மாட்டார், பக்கத்து டீக்கடைக்குப் போடணும்.' கீழே ஓர் எண்.

யசோதரா அதைப் படித்தார். "இது நான் அடிச்சது" என்றார். "ஆறு வருஷம் முன்னாடி. டாக்டரே, நீங்களே போடுங்க."

போட்டேன்.

"அலோ, யாருங்க?"

"நான் டாக்டர் அமலதாஸ் பேசுறேன். அங்க முனிராஜு என்பவர்..."

"டாக்டரா? ஐயோ, முனிராஜுக்கு இன்னா ஆச்சு?"

"அவருக்கு ஒன்னும் ஆகல. அவரோட பேசணும்."

"ஒன்னும் ஆவலன்னா டாக்டரு ஏங்க போன் போடுறாரு? எலேய் முனிராஜா! பிரேக் ஆயிலை அங்கயே வெச்சிட்டு வாடா! உனுக்கு ஆஸ்பத்திரில இருந்து டாக்டரு!"

யசோதரா பின்னால் நின்று டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டார். முனிராஜு வந்தார். லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். நான் விளக்க ஆரம்பித்த மூன்றாவது வாக்கியத்திலேயே குறுக்கிட்டார்.

"தெரியும் சார், என் ரத்தம் ஒரு மாதிரின்னு. எப்ப வரணும்? இன்னிக்கேவா? சரி, கடை ஷட்டர எறக்கிட்டு வர்றேன். பஸ்ஸுதான் சார். லேட்டாச்சுன்னா திட்டக் கூடாது."

மாலை நான்கரைக்கு அவர் மருத்துவமனை சேர்ந்தார். மறுநாள் மதியம் அங்கிருந்து, 'இனித் தேவைப்படாது, தாயும் குழந்தையும் நலம்' என்று செய்தி வந்தது. யசோதரா 'சரி' என்றார்.

நான் ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துப் போனேன். அவர் அதைப் படித்து, மடித்து, டம்ளருக்கு அடியில் வைத்தார். "இதுல தப்பு எங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. புதுசா ஒருத்தர வெச்சா அவரும் ஒருவாட்டி செஞ்சுதான் கத்துப்பாரு. அந்த வாட்டி டீக்கடைக்காரரு போன எடுக்கலன்னா? போயி வேலயப் பாருங்க டாக்டரே." பதினொரு பதிவுகளும் அன்றே சேர்ந்தன. குறிப்புக்கென்று தனிக் கட்டம் ஒன்றும் பிறந்தது.

பெயர்ச் சோதனையும் அந்த வாரமே பிறந்தது. எங்களில் ஒவ்வொருவரும், தனக்கு நேரில் தெரிந்த ஒரு கொடையாளரின் பெயரை, அவர் சம்மதத்துடன் தர வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு நகலெடுப்புக்குப் பின்னும் அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் புதிய க்ளஸ்டரில் கையால் தட்டித் தேட வேண்டும். வந்த பதிவை ஒருவர் முழுவதும் உரக்கப் படிக்க வேண்டும். பெயரைக் கொடுத்தவர் கேட்டுவிட்டு, 'ஆமா, இவர்தான்' என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு 'ஆமா' கிடைக்காமல் மாற்றம் இல்லை. பெயர் கொடுத்தவர் வேலையை விட்டுப் போனாலும் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். எண்ணிக்கை ஒப்பீட்டை ஒரு நிரல் நொடியில் செய்துவிடும். இந்தச் சோதனைக்கு அரை மணிக்கு மேல் ஆகும். குறுக்குவழி காண முயன்றவர்கள் உண்டு. யசோதரா இருந்தவரை நடக்கவில்லை. முழங்கால் வலியால் முன்னதாகவே ஓய்வு பெற்று அவர் ஓசூருக்குப் போன பிறகும் நடக்கவில்லை.

நான் கொடுத்த பெயர் என் மனைவியுடையது.

ரெஜினா ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பி நெகட்டிவ். ஆண்டுக்கு மூன்று முறை, எங்கள் திருமணத்துக்கு முன்பிருந்தே, இரத்தம் கொடுத்து வந்தார். ஒவ்வொரு நகலெடுப்பு நாளிலும் நான் விவேக் நகர் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் கேட்கும் கேள்வி ஒன்றே.

"இன்னிக்கி நான் கெடச்சனா?"

"கெடச்ச."

"எவ்ளோ நேரத்துல?"

"ஒரு நொடியில முப்பதுல ஒரு பங்கு."

"ஆபீஸ்ல அவ்ளோ சுறுசுறுப்பு. வூட்ல எதிர்ல நிக்கிறப்ப மட்டும் அரை மணி நேரம் ஆவுது உங்களுக்கு என்னப் பாக்க."

குறிப்புக் கட்டம் பிறந்தபோது, தன் பதிவில் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். நான் எழுதவில்லை, விதிப்படி தொலைபேசிப் பணியாளரிடம் அவரே பேசி எழுதவைத்தார்.

ரெஜினா இவ்வாண்டு மார்ச் மாதம், தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் காலமானார். நோய் நான்கு நாள். யசோதரா ஓசூரிலிருந்து வந்து கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்றார், உட்காரவில்லை. அலுவலகத்தில் வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை. அங்கே இப்போது இருப்பவர்களில் என்னை நேரில் கண்டவர்களே குறைவு.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு ரெஜினாவின் கைபேசி ஒலித்தது.

"ரெஜினா மேடம்ங்களா? பி நெகட்டிவ் ஒரு யூனிட் வேணும்ங்க. இன்னிக்கி வர முடியுமா?"

"அவங்க ஊர்ல இல்ல" என்றேன்.

"எப்ப வருவாங்கன்னு சொன்னீங்கன்னா நோட் பண்ணிக்குவேன்."

இணைப்பைத் துண்டித்தேன். அழைத்த பெண் தன் வேலையைச் சரியாகச் செய்தார். அவர் மீது குறையில்லை. அன்று மாலையே, பதிவை நீக்கக் கோரும் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். படிவத்தில் கொடையாளர் எண் மட்டும்தான் கேட்கப்படும். காரணம் என்ற இடத்தில் 'காலமானார்' என்று எழுதினேன். இரண்டு நாளில் பதிவு நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது. பன்னிரண்டு பெயர்ப் பட்டியலிலும் அவர் பெயர் இருப்பது எனக்கு நினைவு வரவில்லை என்று எழுதத் தொடங்கினேன், அது சரியல்ல. நினைவு வந்தது. அடுத்த நகலெடுப்புக்கு முன்பு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஆகஸ்டில் அவர்கள் செய்த முறை இது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய க்ளஸ்டரை முழுவதும் படித்தால் அது திணறும் என்பதால், ஜனவரியில் எடுத்துவைத்த பேக்கப்பை அடித்தளமாகப் புதியதில் ஏற்றினார்கள். பிறகு, ஜனவரிக்குப் பின் சேர்க்கப்பட்ட பதிவுகளையும் திருத்தப்பட்ட பதிவுகளையும் பழையதிலிருந்து எடுத்து மேலே சேர்த்தார்கள். திருத்திய நாள் ஒவ்வொரு பதிவிலும் இருக்கும். அதை வைத்துப் பொறுக்கினார்கள். சிக்கனமான, நன்கு யோசித்த முறை. அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சனிக்கிழமை காலை பவித்ரா அழைத்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். ஐந்தாண்டுகளாக இந்த ஊரில் வேலை. அவரோடு அதற்கு முன் ஒரே ஒருமுறை, போன நகலெடுப்பின்போது, பேசியிருக்கிறேன்.

"வணக்கம் சார், பவித்ரா பேசுறேங்க. இன்னைக்குப் புதுசுக்கு மாத்துறோம். பதினொரு பேரு முடிஞ்சுது. பன்னண்டாவது உங்க பேருல இருக்குங்க சார். நீங்க 'ஆமா'ன்னுட்டா பன்னண்டு மணிக்கு மாத்திடலாம்."

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பெயர் வரவில்லை என்று சொல்லத்தான் அழைக்கிறார் என்று நினைத்து, அதற்கான பதிலை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன்.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துடுச்சு சார். படிக்கட்டுங்களா? ரெஜினா. விவேக் நகர். பி நெகட்டிவ். கடைசியா குடுத்தது நவம்பர். குறிப்பு: காலையில ஏழு மணிக்கு முன்னாடி கூப்பிடவும், அப்புறம் கிரவுண்டுல இருப்பேன், என் விசில் சத்தத்துல எனக்கே போன் கேக்காது." அவர் இலேசாகச் சிரித்தார். "நல்லா எழுதி வெச்சிருக்காங்க சார். எல்லாம் கரெக்ட்டுங்களா?"

"இன்னொரு தடவை படிங்க."

"முழுசாங்களா?"

"முழுசா."

படித்தார். இரண்டாம் முறை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. எதிலும் பிழையில்லை. பெயர், இடம், பிரிவு, நவம்பர் மாதம், ரெஜினாவின் வாயிலிருந்து வந்தபடியே இருந்த குறிப்பு. 'ஆமா, இவங்கதான்' என்று சொல்வதற்கு அந்தப் பதிவில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு விருப்பமும் இருந்தது என்பதை இந்தக் குறிப்பேட்டில் பதிவு செய்வது முறை என்று எண்ணுகிறேன். சொல்லியிருந்தால் நண்பகலில் மாறியிருப்பார்கள். ரெஜினா புதிய க்ளஸ்டரில் இருந்திருப்பார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். எல்லாம் சரியா இருக்கு. ஆனா நான் 'ஆமா' சொல்ல மாட்டேன்."

"ஏங்க சார்?"

"அவங்க இறந்துட்டாங்க. மார்ச் மாசம். பதிவை எடுக்கச் சொல்லி எழுதினது நான்தான். எடுத்துட்டதா உங்க ஆபீஸ்ல இருந்து பதிலும் வந்துச்சு."

"சார், அவங்க உங்களுக்கு..."

"என் மனைவி."

இந்த இடத்தில் பவித்ரா செய்ததற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன். அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கவில்லை. "சார், வெச்சிடாதீங்க. பழசுல பாக்குறேன்" என்றார். விசைப்பலகையின் சத்தம் கேட்டது.

"பழசுல இல்லீங்க சார்."

"இருக்காது."

"அப்ப..." அவர் குரல் தாழ்ந்தது. "சார், கூடுதலா இருக்கற அந்த இருநூத்திப் பதினாலு..."

"ஆமா."

"ஐயோ. தொலஞ்சவங்கள மீட்டுட்டோம்னு நெனச்சோம் சார். மைசூர்பாக் வேற சொல்லிட்டாங்க."

எண்ணிக்கை குறைந்தால் பதறும் நாங்கள், கூடினால் மகிழ்ந்துவிடுகிறோம். ஜனவரிக்குப் பின் சேர்ந்த பதிவும் திருத்திய பதிவும் பழைய க்ளஸ்டரில் இருந்தன. பொறுக்கி எடுக்க முடிந்தது. நீக்கப்பட்ட பதிவு அங்கே இல்லை. இல்லாத பதிவுக்குத் திருத்திய நாள் கிடையாது. ஆகவே நீக்கங்களை யாரும் கொண்டுபோகவில்லை. பேக்கப்பில் இருந்தபடி எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். இறந்தவர்கள், நோயுற்றுக் கொடுக்க இயலாமற்போனவர்கள், இனி அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள். திங்கட்கிழமை முதல் அந்த வீடுகளில் தொலைபேசி ஒலித்திருக்கும். அந்த ஒலி எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் ஒருவர், இருநூற்றுப் பதினான்கையும் மொத்தமாக நீக்கிவிட்டால் எண்ணிக்கை பொருந்திவிடும், நண்பகலில் மாறிவிடலாம் என்றது எனக்குத் தொலைபேசியிலேயே கேட்டது. பவித்ரா அவரிடம், "அப்படியெல்லாம் முடியாதுப்பா. யாரு யாருன்னு பாக்கணும்" என்றார். பவித்ரா யசோதராவைப் பார்த்ததுகூட இல்லை.

பார்த்தார்கள். நீக்கப் படிவங்களை எடுத்து, ஒவ்வொரு பெயராக, சனிக்கிழமை மாலை வரையும் ஞாயிறு காலையிலும். இருநூற்றொன்பது பேருக்குப் படிவம் இருந்தது. ஐந்து பேருக்கு இல்லை. அவர்கள் மே மாதத்தில் வட்டு பழுதானபோது உண்மையாகவே தொலைந்தவர்கள். மொத்தமாக நீக்கியிருந்தால் அந்த ஐவரும் இரண்டாம் முறை தொலைந்திருப்பார்கள். ஐவரும் மீண்டார்கள்.

சனிக்கிழமையே பவித்ரா தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், லிஸ்ட்ல இருந்து மேடம் பேர எடுத்துடட்டுங்களா? ஒவ்வொரு தடவையும் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"வேண்டாம்" என்றேன். "இருக்கட்டும். பதினொரு பேரு வரணும். பன்னண்டாவது பேரு வரக் கூடாது. அப்படி எழுதிக்குங்க. வரக் கூடாத பேரு ஒன்னு அந்த லிஸ்ட்ல எப்பவோ இருந்திருக்கணும். எனக்கும் தோணல, யசோதரா மேடத்துக்கும் தோணல."

ஞாயிற்றுக்கிழமை, நான் பூசை முடிந்து வீடு வந்ததும் பவித்ரா மறுபடி அழைத்தார்.

"சார், தேடிப் பாத்தேன்."

"சொல்லுங்க."

"வரலீங்க சார். முடிவுகள் சைபர்."

"சரி" என்றேன். பிறகு, விதிப்படி சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்தது. "ஆமா. சரியா இருக்கு."

பன்னிரண்டாவது உறுதி கிடைத்தது. நண்பகலில் மாறினார்கள்.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பதினொரு பேரின் பெயரைக் கேட்ட யசோதராவுக்கு. கடையை இறக்கிவிட்டுப் பேருந்து ஏறிய முனிராஜுவுக்கும், உரக்கக் கத்திய டீக்கடைக்காரருக்கும். எல்லாம் பொருந்திய பிறகும், விதியை மதித்து, ஓய்வு பெற்ற ஒருவனைக் கடைசியாக ஒரு சொல் கேட்ட பவித்ராவுக்கு. அந்தப் பதிவை இரண்டு முறை படித்ததற்கும் அவருக்கே.

முடிக்காமல் இருக்கும் பணிகள்:

1. 'வரக் கூடாத பெயர்' ஒன்று போதாது. கொடையாளரை இழந்த இன்னும் இரண்டு குடும்பங்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.

2. நீக்கப் படிவங்களைத் தனி இண்டெக்ஸாக வைத்து, ஒவ்வொரு நகலெடுப்பின் முடிவிலும் அதைக் கொண்டு நீக்கங்களை மறுபடி செய்யும் நிரல். பவித்ரா பாதி எழுதியிருக்கிறார். நான் படித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

3. ஓசூர் சென்று, அவருடைய பட்டியல் மாற்றப்பட்டதை யசோதராவிடம் நேரில் சொல்வது.

4. ரெஜினாவின் கொடையாளர் அட்டையை இரத்த வங்கியில் ஒப்படைப்பது.

5. ரெஜினாவின் கைபேசி இணைப்பை நிறுத்துவது. இதுவரை தினமும் மின்னேற்றி வைத்திருக்கிறேன். இனி காலை ஏழு மணிக்கு முன் யாரும் அழைக்கமாட்டார்கள் என்பது சோதிக்கப்பட்டு, என்னாலேயே உறுதி செய்யப்பட்டுள்ளது.